ஸ்லைடு ஏற்றுமதியும் ஏஜெண்டுக்கு எழுதும் பாயிரமும்

ஏற்றுமதி என்றதும் நம் மனதுக்கு வருவது துறைமுகமும் கப்பலும். கணினிக்காரர்கள் இதே சொல்லை வேறொரு காரியத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மென்பொருளில் செய்து வைத்ததை, இன்னொரு மென்பொருளோ இன்னொரு ஆளோ எடுத்துப் பயன்படுத்தும் வடிவத்தில் வெளியே அனுப்புவதற்கு அவர்கள் 'எக்ஸ்போர்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷமாகப் பட்டுச் சேலை வியாபாரம் பார்க்கிற எனக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே படுகிறது. சரக்கு மட்டும் கிளம்பினால் அது ஏற்றுமதி ஆகிவிடாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எத்தனை உருப்படி, எவ்வளவு எடை என்று 'பேக்கிங் லிஸ்ட்' ஒன்று கூடவே போக வேண்டும். சீட்டு இல்லாத பெட்டி சுங்கத்தில் கிடக்கும். சீட்டுத் தப்பாக இருக்கிற பெட்டி அதைவிட ஆபத்து. அது போய்ச் சேர்ந்துவிடும்.

கூட்டங்களில் திரையில் காட்டுகிறோமே, அந்த ஸ்லைடு காட்சிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு மென்பொருள் கருவிக்கு, 'ஏ.ஐ. ஏஜெண்ட்' என்ற புதுவகை வாசகனை மனதில் வைத்துக் கையேடு எழுதுவது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். சங்க மலரில் இது எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கலாம். நம்மில் பல வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலில்தான் சோறு தின்கிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சங்க அலுவலக அலமாரியில் இருக்கும் பழைய சிடிகள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாசகன் மாறிவிட்டான்

கேள்வி கேட்டால் பதில் எழுதும் ஏ.ஐ.யை இப்போது எல்லோருக்கும் தெரியும். ஏஜெண்ட் அதற்கு அடுத்த படி. அதனிடம் ஒரு வேலையைச் சொன்னால், கணினியில் தானே கட்டளை இட்டு, கோப்பைத் திறந்து, வந்த விளைவைப் பார்த்து, அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுத்து, வேலை முடிந்தது என்று தோன்றும்வரை திரும்பத் திரும்ப இதையே செய்யும். உள்ளே இருப்பது சொற்களைக் கோத்து எழுதும் ஒரு மொழி மாதிரி. வெளியே அதற்குக் கைகாலாகச் சில கருவிகள். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் தொழிலில் ஏஜெண்ட் என்பது பழைய சொல். வெளியூர் ஏஜெண்டுக்கு 'அரக்கு பார்டரில் ஐம்பது உருப்படி அனுப்பவும்' என்று எழுதினால், அரக்கு கையிருப்பில் இல்லாத சமயம் பழகிய ஏஜெண்ட் போன் போட்டு, "என்ன செய்யட்டும் அண்ணாச்சி?" என்று கேட்பார். புதிதாகச் சேர்ந்தவர் மெரூனை அனுப்பிவிட்டு 'சரக்கு அனுப்பியாச்சு' என்று பதில் எழுதுவார். அவர் சோம்பேறியும் இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை. கடிதத்தில் 'அரக்கு இல்லையென்றால் அனுப்பாதே' என்று இல்லை, அதனால் அனுப்பினார். ஏ.ஐ. ஏஜெண்ட் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆளைப் போன்றது. அசாத்திய உழைப்பு, அசாத்திய வேகம், கேட்பதில் மட்டும் கொஞ்சம் தயக்கம்.

ஆகவே அதற்கு எழுதும் கடிதமே தனி வகையாக வளர்ந்துவிட்டது. வலைத்தளங்கள் தங்களைப் பற்றி மொழி மாதிரிகளுக்கென்று ஒரு சுருக்கக் கோப்பு வைக்க வேண்டும் என்று ஜெரமி ஹோவர்ட் 2024 செப்டம்பரில் யோசனை சொன்னார். அதே வருஷம் நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், ஏஜெண்டையும் வெளிக் கருவிகளையும் இணைக்கும் எம்.சி.பி. என்ற பொது ஏற்பாட்டை வெளியிட்டது. 2025-இல் 'ஏஜெண்ட்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு குறிப்புக் கோப்பை மென்பொருள் களஞ்சியத்தில் வைக்கும் வழக்கம் பரவியது. அந்த வருஷம் அக்டோபரில் 'ஸ்கில்' என்ற அமைப்பு வந்தது. ஒரு ஃபோல்டர்; அதில் ஒரு முதன்மைக் கோப்பு; அதன் தலையில் கருவியின் பெயரும், எதற்கு, எப்போது பயன்படுத்துவது என்ற விவரமும். ஏஜெண்ட் முதலில் படிப்பது அந்தத் தலைப்பகுதியை மட்டும். வேலைக்குத் தேவை என்று பட்டால்தான் உள்ளே இருப்பதைப் படிக்கும். விரிவான செய்திகள் தனித்தனிக் கோப்பாகப் பின்னால் இருக்கும்.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு நன்னூல்தான் ஞாபகத்துக்கு வந்தது. சமண முனிவரான பவணந்தி, சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்கு இணங்க 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த இலக்கணம் அது. எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன், ஒரு நூலை எப்படி எழுத வேண்டும் என்பதையே பாயிரத்தில் வகுத்துவிட்டுத்தான் அவர் மேலே போகிறார். நூலின் பெயர் என்ன, நுதலிய பொருள் என்ன, கேட்பதற்கு உரியவர் யார், கேட்டால் என்ன பயன் என்பதெல்லாம் சிறப்புப் பாயிரத்தில் வந்துவிட வேண்டும். ஸ்கில் கோப்பின் தலையில் கேட்கிற செய்தியும் ஏறக்குறைய இதுவே. 'ஸ்லைடு தொடர்பான கருவி' என்று மொட்டையாக எழுதினால் ஏஜெண்ட் அதை எடுக்கவேண்டிய நேரத்தில் எடுக்காது. 'மார்க்டவுனில் எழுதிய ஸ்லைடுகளை பி.டி.எஃப்., பவர்பாயிண்ட், படம் ஆகிய வடிவங்களுக்கு மாற்ற வேண்டியபோது இதைப் படி' என்று எழுதினால் எடுக்கும்.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் பவணந்தி சொல்கிறார். அவற்றில் மூன்று இங்கே நேராகப் பொருந்துகின்றன. தேவையானதைச் சொல்லாமல் விடும் குன்றக் கூறல், அளவுக்கு மீறும் மிகைபடக் கூறல், முன்னுக்குப் பின் முரணாகும் மாறுகொளக் கூறல். மனிதன் இம்மூன்றையும் எப்படியோ சமாளித்துக்கொள்வான். விட்டதை ஊகிப்பான், மிகையைத் தாண்டிப் போவான், முரண் கண்டால் யாரையாவது கேட்பான். ஏஜெண்டுக்கு ஒரே சமயத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் இடம் அளவானது; மிகையாக எழுதினால் வேண்டியது நெரிசலில் போய்விடும். பழைய பதிப்பின் கையேடும் புதிய பதிப்பின் கையேடும் ஒரே ஃபோல்டரில் கிடந்தால், எது கண்ணில் பட்டதோ அதன்படி நடக்கும். மூன்றிலும் பெரிய ஆபத்து குன்றக் கூறல்தான். அதை ஒரு நிஜக் கருவியை வைத்துப் பார்க்கலாம்.

கருவி என்ன செய்கிறது

ஸ்லைடு என்றால் பவர்பாயிண்ட் என்று ஆகிவிட்ட காலம் இது. ராபர்ட் கேஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் ஃபோர்தாட் என்ற சின்னக் கம்பெனியில் உருவாக்கி 1987-இல் மெக்கின்டாஷுக்கு வெளிவந்த மென்பொருள் அது. அந்த வருஷமே மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. இப்போது மென்பொருள்காரர்களில் பலர் மௌஸை இழுத்து இழுத்து ஸ்லைடு செய்வதை விட்டுவிட்டு, சாதாரண எழுத்துக் கோப்பிலேயே எழுதுகிறார்கள். ஜான் க்ரூபர் 2004-இல் அறிமுகப்படுத்திய மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறைதான் இதற்கு ஆதாரம். நட்சத்திரக் குறி போட்டால் அழுத்தம், எண் குறி போட்டால் தலைப்பு. மூன்று சிறு கோடு போட்டால் அடுத்த ஸ்லைடு.

ஆந்தனி ஃபூ என்பவர் 2021-இல் வெளியிட்ட ஸ்லைடெவ் இந்த வகையைச் சேர்ந்தது. இலவசம், மூலநிரலும் திறந்தது. என் தம்பி மகள் இதைத்தான் உபயோகிக்கிறாள். எங்கள் கடையின் சேலை மாதிரிகளை வெளியூர் கடைக்காரர்களுக்குக் காட்டும் ஸ்லைடுகளையும் இதிலேயே செய்து கொடுத்தாள். எழுத்துக் கோப்பை ஸ்லைடெவ் ஒரு வலைப்பக்கமாக மாற்றி பிரவுசரில் காட்டும். ஆகவே ஏற்றுமதிக்கு அது ஒரு சாமர்த்தியம் பண்ணுகிறது. திரையே இல்லாமல் ஒரு பிரவுசரைப் பின்னணியில் ஓடவிட்டு, ஸ்லைடுகளைத் திறந்து, அச்சடிப்பது போல எடுத்துக்கொள்கிறது. அப்படிப் பிரவுசரை ஓட்டுவதற்கு ப்ளேரைட் என்ற மைக்ரோசாஃப்டின் கருவி தேவை. கையேட்டில் முதலில் வரவேண்டிய வாக்கியம் இதுதான். ப்ளேரைட்டின் குரோமியம் பிரவுசர் நிறுவப்படவில்லை என்றால் ஏற்றுமதியே நடக்காது. நடக்காமல் போவது நல்லது. பிழை என்று வாயைத் திறந்து சொல்லிவிடும். ஏஜெண்டும் படித்துவிட்டு நிறுவிக்கொள்ளும்.

கவலைப்பட வேண்டியது, பிழை என்று சொல்லாமலே குறைந்துபோகும் ஏற்றுமதியைப் பற்றி.

பெட்டிக்குள் என்ன?

வடிவம் எதுவும் சொல்லாமல் கட்டளை இட்டால் ஸ்லைடெவ் பி.டி.எஃப். கொடுக்கும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு பக்கம். பேச்சாளர் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வரியாகக் கொண்டுவரும் விஷயங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் ஒன்றாக வந்துவிடும். தட்டலுக்கு ஒரு பக்கம் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பவர்பாயிண்ட் வடிவம் கேட்டாலோ விஷயம் தலைகீழ். அதில் தட்டலுக்கு ஒரு ஸ்லைடு என்பதுதான் சொல்லாமலே நடப்பது. வேண்டாம் என்றால்தான் சொல்ல வேண்டும்.

பத்து ஸ்லைடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று ஸ்லைடுகளில் நாலு நாலு தட்டல். பி.டி.எஃப்.பில் 10 பக்கம். பவர்பாயிண்டில் அந்த மூன்றும், தட்டுவதற்கு முந்தைய நிலையையும் சேர்த்து, ஐந்து ஐந்தாக விரிந்து 15, மீதி 7, மொத்தம் 22. 'ஏழாவது ஸ்லைடில் விலையை மாற்று' என்று ஒருவர் ஏஜெண்டிடம் சொன்னால் எந்த ஏழு? எண்ணிக்கை எப்படி மாறும் என்று கையேட்டில் ஒரு வரி இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

அதைவிடப் பெரியது ஒன்று. ஸ்லைடெவ் கொடுக்கும் பவர்பாயிண்ட் கோப்பில் ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு படம். எழுத்து எழுத்தாக இல்லை, போட்டோ. அதைத் திறந்து ஒரு சொல்லைத் திருத்தவோ தேடவோ முடியாது. ஆனால் பேச்சாளர் தமக்கென்று எழுதிவைத்த குறிப்புகள் மட்டும் அந்தந்த ஸ்லைடுக்கு அடியில் எழுத்தாகவே வந்து சேரும். இந்தக் கருவியில் மார்க்டவுன் வடிவம் கேட்டாலும் கிடைப்பது நீங்கள் எழுதிய மூலம் அல்ல; ஸ்லைடுகளைப் படமாக்கி, அந்தப் படங்களைச் சுட்டும் ஒரு கோப்பு. பெயரைப் பார்த்து 'மார்க்டவுன் என்றால் எழுத்து' என்று ஏஜெண்ட் நினைப்பது இயல்பு. மனிதர்களும் அப்படித்தானே நினைப்போம்?

ஆகவே ஏஜெண்டுக்குக் கையேடு எழுதுகிறவர், கட்டளைகளின் பட்டியலோடு நிறுத்தாமல், வடிவத்துக்கு ஒரு பேக்கிங் லிஸ்ட் எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இந்த வடிவத்தில் எழுத்து எழுத்தாகப் போகிறதா, படமாகவா? குறிப்புகள் போகின்றனவா? அசைவுகள் என்ன ஆகும்? எண்ணிக்கை மாறுமா? அதோடு ஒரு சிபாரிசும் வேண்டும்: 'வாங்குபவர் திருத்தப்போகிறார் என்றால் இந்த வடிவத்தைக் கொடுக்காதே, வேறு ஏஜெண்ட் படிக்கப்போகிறது என்றால் மூல எழுத்துக் கோப்பையே கொடு.' கருவியைச் செய்தவர்களுக்கு இது எழுதத் தோன்றாது. அவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம்.

நேரக் கணக்கு சம்பந்தமாகவும் ஒரு வரி வேண்டும். ஸ்லைடெவ் ஒவ்வொரு வேலைக்கும் அரை நிமிஷம், அதாவது 30,000 மில்லி விநாடி பொறுக்கும்; பெரிய காட்சிகளுக்கு அதைக் கூட்டிக் கேட்க வேண்டும். பக்கம் வந்த பிறகும் கொஞ்சம் காத்திருந்து படம் எடு என்று சொல்ல இன்னொரு வசதி உண்டு. வெளியிலிருந்து வரவேண்டிய படம் தாமதமானால், அது வருமுன் ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். சேலை இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருக்கும். கருவியின் கணக்கில் ஏற்றுமதி வெற்றி.

கட்டம் கட்டமாகத் தமிழ்

நம் எழுத்துக்கு வருகிறேன். ஏஜெண்டுகள் பெரும்பாலும் வேலை செய்வது எங்கோ இருக்கும் லினக்ஸ் சர்வரில். அங்கே ஆங்கில எழுத்துரு இருக்கும். தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இல்லாத இடத்தில் பின்னணிப் பிரவுசர் என்ன செய்யும்? எழுத்துக்குப் பதிலாகக் காலிக் கட்டம் வரையும். தலைப்பு முழுவதும் வரிசையாகக் கட்டம். ஸ்லைடெவ் இதைப் பிழையாகக் கருதாது. கோப்பு உருவாகிவிட்டது, பக்க எண்ணிக்கை சரி, ஏஜெண்ட் 'முடிந்தது' என்று சொல்லிவிடும். சிறு முகப் பொம்மைகள் இப்படி உடைந்துபோகும் என்பதையும் அதற்கான எழுத்துருவை நிறுவ வேண்டும் என்பதையும் அந்தக் கருவியின் கையேடே எச்சரிக்கிறது. தமிழுக்கும் அதே வரி பொருந்தும். 'நோட்டோ தமிழ்' போன்ற எழுத்துரு ஒன்றை முதலில் நிறுவு, நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார், பிறகு ஏற்றுமதி செய் என்று நாம் எழுதிச் சேர்க்க வேண்டும். தமிழ், கன்னடம், வங்காளம் என்று பல எழுத்தில் வியாபாரம் செய்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது வேடிக்கையான விஷயம் இல்லை.

இதற்குச் சரிபார்க்கும் வழி சுலபமானது. இன்றைய ஏஜெண்டுகள் படம் பார்க்கக்கூடியவை. ஆகவே கையேட்டில் இப்படி ஒரு கட்டளை இருக்க வேண்டும்: 'ஏற்றுமதிக்குப் பின் முதல் ஸ்லைடையும், தமிழ் அதிகமுள்ள ஒரு ஸ்லைடையும் தனிப் படமாக எடுத்துப் பார். கட்டம் தெரிந்தால் வேலை முடியவில்லை.' இத்தனாவது ஸ்லைடு முதல் இத்தனாவது வரை மட்டும் எடு என்று சொல்ல ஸ்லைடெவ்வில் வசதி இருப்பதால் இதற்கு அதிக நேரம் பிடிக்காது. முடிந்தது என்பதற்கு இலக்கணம் சொல்லாத கையேடு பாதிக் கையேடு.

பி.டி.எஃப்.பில் வேறொரு சூட்சுமம். அடோபி 1993-இல் வெளியிட்ட இந்த வடிவம் அடிப்படையில் தாளில் அச்சடிப்பதற்கு ஈடானது. எந்த எழுத்துருவம் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் அதற்கு முக்கியம். 'கொடி' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக் கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் கால். யூனிகோட் முறையிலோ மெய்தான் முதலில், உயிர்க்குறி பின்னால்தான். பி.டி.எஃப்.பிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்கும் கருவி கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எடுத்தால் கொம்பு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் ஏறக்குறைய சரியாகத் தெரியும், தேடினால் அகப்படாது. இந்த மாதிரி எழுத்தைத் தின்ற ஏஜெண்ட் அதை வைத்துச் சுருக்கமும் எழுதும், பட்டியலும் போடும். எங்கே பிசகியது என்று பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால்தான் ஏஜெண்டுக்குத் தமிழ் ஸ்லைடு கொடுக்கும்போது பி.டி.எஃப்.பைவிட மூலக் கோப்பு நல்லது என்று மேலே சொன்னேன்.

அலமாரியில் இருக்கும் சிடிகள்

சங்கத்துப் பொங்கல் விழா, ஆண்டு விழா, மூத்தோர் பாராட்டு இவற்றுக்கெல்லாம் நம் பெரியவர்கள் செய்த பவர்பாயிண்ட் காட்சிகள் சிடிகளில் இருக்கின்றன. அவற்றை ஏஜெண்டைக் கொண்டு படிக்கவைத்து, சங்கத்தின் வரலாற்றைத் தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கும் புரியும்படி தொகுக்கலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். நல்ல யோசனை. சோதனைக்கு ஒரு சிடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுப் படம், அதற்குக் கீழே வரிசையாக ஆறு பெயர். ஏஜெண்ட் கொடுத்த ஆறும் அழகான தமிழ்ப் பெயர்கள். ஒன்றுகூட அந்தப் படத்தில் நிற்பவர்களுடையது இல்லை. ஆறு பேரில் நால்வர் காலமாகிவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ள அன்றைய எழுத்துரு நிலவரம் தெரிய வேண்டும். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டாலும், விண்டோஸில் அது பயன்பாட்டுக்கு வந்தது விண்டோஸ் 2000-இல்தான். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் வெகுகாலம், ஆளுக்கொரு எழுத்துரு. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. யூனிகோடை 2010-இல் ஏற்றது. இடையில் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவம் உட்கார்ந்திருக்கும். 'தமிழ்' என்று திரையில் தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ். இல்லாத கணினியில் கிறுக்கல். ஏஜெண்டுக்குக் கிடைத்தது அந்தக் கிறுக்கல். படமாக மாற்றிக் கொடுத்தாலும் அதே கதிதான், சர்வரில் பாமினி இல்லையே.

"பெரியப்பா, அது வேணும்னு பொய் சொல்லல. காலி இடம் இருந்தா நிரப்பப் பாக்கும். நிரப்பாதேன்னு யாரும் எழுதித் தரல," என்றாள் தம்பி மகள். கடையில் ஏஜெண்ட் மெரூன் அனுப்பியது போலத்தான். ஆனால் சேலையைத் திருப்பி அனுப்பலாம். இறந்தவர் படத்தின் கீழே வேறு பெயர் அச்சாகி, அதைப் பேரன் படித்து, அவன் மகனுக்குச் சொன்னால் எங்கே திருப்பி அனுப்புவது?

பிறகு நானும் அவளுமாக உட்கார்ந்து இந்த வேலைக்கென்று ஒரு கையேடு எழுதினோம். தமிழிலேயே எழுதினோம், ஏஜெண்டுக்குப் புரிகிறது. இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். மூலக் கோப்பைத் தொடாதே, நகலில் மட்டும் வேலை செய் என்பது முதல் வரி. 2007-க்கு முந்தைய பவர்பாயிண்ட் கோப்புகள் வேறு கட்டமைப்பு என்பதால், லிப்ரே ஆஃபீஸை ஜன்னல் திறக்காமல் பின்னணியில் ஓட்டி முதலில் புதிய வடிவத்துக்கு மாற்று என்பது இரண்டாவது. புதிய வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் ஸ்லைடுக்கு ஒரு கோப்பும், குறிப்புகளுக்குத் தனிக் கோப்பும் இருக்கும். சொற்களோடு எழுத்துருவின் பெயரும் அதில் பதிவாகியிருக்கும். இதுதான் எங்களுக்குக் கிடைத்த சாவி.

ஒரே வரியில் 'டாக்டர்' என்பதை ஆங்கிலத்திலும் பெயரைப் பாமினியிலும் அடித்திருப்பார்கள். முழு வரியையும் பாமினி என்று எடுத்து மாற்றினால் ஆங்கிலம் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். ஆகவே துண்டு துண்டாக எழுத்துருப் பெயரைப் பார்; பாமினி என்று இருக்கும் துண்டை மட்டும் மாற்று; ஆங்கில எழுத்துருவை விட்டுவிடு; எழுத்துருப் பெயர் தெரியாததாக இருந்தால் மாற்றாதே, குறித்து வை என்று எழுதினோம். டாப் வகையில் ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துருவில் இருக்கும். யூனிகோடில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் மேலே புள்ளியும் கீழே வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் தெரியும். அதற்கு மாற்று அட்டவணை வேறு. ஆளுக்கொரு அட்டவணையைக் கோப்பாக்கிக் கூடவே வைத்தோம். ஏஜெண்ட் தன் ஞாபகத்திலிருந்து மாற்றக் கூடாது, அட்டவணையைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றும் எழுதினோம். படமாக எடுப்பது, பி.டி.எஃப். ஆக்குவது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கையேட்டிலேயே மிகவும் பயன்பட்ட வரி இது: 'ஒரு பெயரை முழுமையாகப் படிக்க முடியாவிட்டால் படிக்க முடியவில்லை என்று எழுது. ஊகிக்காதே. ஸ்லைடு எண்ணையும் கோப்பின் பெயரையும் குறித்து வை.' இதை எழுதிய பிறகு வந்த தொகுப்பில் பெயர்கள் குறைந்தன, தப்பும் குறைந்தது. வேலைக்கு முன் ஒரு நிபந்தனையும் வைத்தோம். உறுப்பினர்களின் முகவரியும் டெலிபோன் எண்ணும் இருக்கும் ஸ்லைடுகளை வெளியே அனுப்பாமல் தனியே ஒதுக்கிவிட வேண்டும். ஏஜெண்டிடம் கொடுப்பது என்றால் பல சமயம் அது வேறொருவருடைய சர்வருக்கு அனுப்புவதுதான். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது ஆகாது.

நாங்கள் எதிர்பாராமல் கிடைத்தது பேச்சாளர் குறிப்புகள். திரையில் தெரியாதவை, பி.டி.எஃப்.பில் போகாதவை, ஸ்லைடின் அடியில் மட்டும் இருப்பவை. ஒரு பெரியவர் ஒவ்வொரு படத்துக்கும் அங்கே யார் யார், எந்த ஊர், எந்த வருஷம் இங்கே வந்தார்கள், எந்த மில்லில் வேலை என்று விரிவாக எழுதி வைத்திருக்கிறார். மேடையில் அதைப் பார்த்துத்தான் பேசியிருக்க வேண்டும். 'குறிப்புகளை முதலில் எடு' என்ற வரியை அதற்குப் பிறகு கையேட்டின் மேலே ஏற்றினோம்.

பதினோரு சிடி முடிந்திருக்கிறது. இரண்டு சிடி கீறல் விழுந்து திறக்கவில்லை. படிக்க முடியவில்லை என்று ஏஜெண்ட் குறித்த பெயர்களின் பட்டியலை அந்தந்தப் படத்தோடு அச்சடித்துச் சங்க அலுவலகத்தில் ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம். பழைய உறுப்பினர் குடும்பத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பார்த்து, தெரிந்த முகங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். கண்ணாடி மறக்காமல் கொண்டு வாருங்கள். படங்கள் சின்னதாகத்தான் வந்திருக்கின்றன.